பாலைவன முகாமுக்கு மகளை அனுப்பலாமா?

தக்கலை வாசகர் | 9 ஜூன் 2024, மாலை 6.15

எங்கள் மகளுக்கு ஜனவரியில் திருமணம் முடிந்தது. மருமகன் ராணுவத்தில் இருக்கிறார், இப்போது ஜெய்சல்மேர் பக்கம். குடும்பக் குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது, அழைத்துப் போகிறேன் என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. மணலும் முள்வேலியும் தவிர அங்கே என்ன இருக்கிறது? தெரிந்த முகம் இல்லை, மொழி தெரியாது. ஆண்டுக்கு அறுபது நாள் லீவு உண்டே, அவர் ஊருக்கு வரும்போது சேர்ந்து இருந்தால் போதாதா? போய் இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

மார்த்தாண்டம் வாசகி | 9 ஜூன், இரவு 9.50

அனுப்புங்கள்.

2003 மார்ச் முதல் 2006 அக்டோபர் வரை ஜெய்சல்மேருக்குப் பக்கத்து மாவட்டமான பார்மேரில் ஒரு முகாமில் குடியிருந்தவள் நான். கணவர் ஈ.எம்.ஈ. ஹவில்தார், டேங்க் பழுதுபார்க்கும் வேலை. அறுபது நாள் லீவு என்று நீங்கள் போட்ட கணக்கைத்தான் எங்கள் அப்பாவும் போட்டார். 2001 டிசம்பரில் நாடாளுமன்றம் தாக்கப்பட்டதும் படைகளை எல்லைக்கு நகர்த்தினார்கள், அந்தக் கணக்கு அன்றோடு போயிற்று. அடுத்த அக்டோபர் வரை மனிதர் எல்லையிலேயே கிடந்தார். மகன் பிப்ரவரியில் பிறந்தான். அப்பாவை அவன் முதன்முதலில் பார்த்தபோது அவனுக்கு ஒன்பது மாதம். யாரோ வேற்று ஆள் என்று வீரிட்டு அழுதான். இவர் பையைக்கூடக் கீழே வைக்காமல் முற்றத்திலேயே நின்றார். அன்றைக்கே முடிவு செய்தேன், குவார்ட்டர்ஸ் கிடைத்தால் எந்த ஊரானாலும் போவது என்று.

மார்த்தாண்டம் வாசகி | 10 ஜூன், காலை 11.20

போன வழியையும் சொல்கிறேன். நாகர்கோவிலிலிருந்து சென்னை, அங்கிருந்து நவஜீவன் ரயிலில் அகமதாபாத், பிறகு ஜோத்பூர். ஜோத்பூரிலிருந்து யூனிட் வண்டியில் இருநூறு கிலோமீட்டர். கையில் ஒரு வயதுக் குழந்தை, பக்கத்தில் ஏழு வயது மகள், காலடியில் கறுப்பு டிரங்குப் பெட்டி. பெட்டிக்குள் பாதி இடம் நேந்திரங்காய் வற்றலுக்கும் கருப்பட்டிக்கும் போயிருந்தது.

இரண்டு அறை, ஒரு அடுக்களை, பின்னால் சின்ன முற்றம். தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். குளமும் கால்வாயுமாக வளர்ந்த எனக்கு முதல் வாரம் கை நடுங்கியது. அரிசி களைந்த தண்ணீரைக் கீழே கொட்டப் போனேன். பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அக்கா ஓடி வந்து என் கையைப் பிடித்தார், ஒரு வார்த்தையும் பேசவில்லை. வாசலில் நின்ற வேப்பங்கன்றைக் காட்டினார். ஒவ்வொரு குவார்ட்டர்ஸுக்கும் ஒரு கன்று, அந்த வீட்டுக்காரர் மாற்றலாகிப் போனால் அடுத்து வருபவர் பொறுப்பு. எனக்கு வந்த கன்று இடுப்பு உயரம் இருந்தது. நான் விட்டுவந்தபோது அதன் நிழலில் ஒரு கயிற்றுக் கட்டில் போடலாம்.

மார்த்தாண்டம் வாசகி | 10 ஜூன், இரவு 10.05

வெயில் எப்படி என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கடுமைதான், மறைக்கமாட்டேன். ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேர் போகும் வழியில் இருக்கிற பலோதியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி பதிவானது. எங்கள் காலத்தில் அவ்வளவு இல்லாவிட்டாலும் மே மாதப் பகலில் கதவுக் கொண்டியைத் துணி சுற்றித்தான் தொட முடியும். இரவில் எல்லோரும் முற்றத்தில் தண்ணீர் தெளித்துக் கட்டில் போட்டுப் படுப்போம். நேர்மாறாக ஜனவரியில் தேங்காய் எண்ணெய் புட்டியில் கல்லாகிவிடும். எல்லா வீட்டு வாசலிலும் வெயிலில் காயும் எண்ணெய்ப் புட்டிகளை எண்ணி, அந்த வரிசையில் தெற்கத்திக் குடும்பங்கள் எத்தனை என்று சொல்லிவிடலாம்.

மழையா? நான் அங்கே மழை என்று ஒன்றைப் பார்த்ததே இல்லை.

மார்த்தாண்டம் வாசகி | 12 ஜூன், பிற்பகல் 3.30

"நேரம் எப்படிப் போகும்" என்று அண்ணன் மறுபடியும் கேட்டிருக்கிறார். இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டும்.

முகாமில் யாருக்கும் சொந்த ஊர் பக்கத்தில் இல்லை. பெரியம்மா வீடு, சித்தப்பா வீடு, திருவிழா, சர்ச், சந்தை என்று நமக்கு இங்கே தானாக நடக்கிற எல்லாவற்றையும் அங்கே உட்கார்ந்து திட்டம் போட்டு உண்டாக்க வேண்டும். அதனால்தான் ஆண்டு முழுக்க ஏதாவது ஒன்று நடந்துகொண்டே இருக்கும். ஜனவரியில் பஞ்சாபிகளின் லோடித் தீ, மறுநாளே நம் பொங்கல். ஹோலிக்குத் தண்ணீர் கிடையாது, உலர்ந்த பொடி மட்டும். குருநானக் பிறந்த நாளுக்கு எல்லோரும் தரையில் அமர்ந்து ஒரே பந்தியில் சாப்பாடு. யூனிட் தொடங்கப்பட்ட நாளுக்குப் படா கானா என்ற பெருவிருந்து. அதில் அதிகாரிகளும் ஜவான்களும் ஒன்றாக உட்காருவார்கள், அதிகாரிகள் பரிமாறுவார்கள். தந்தூர் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு மூலையில் நம் ஆட்களுக்காகச் சோறும் ரசமும் தனியாக வைத்திருப்பார்கள்.

மாதம் ஒருமுறை மகளிர் கூட்டம். ராணுவத்தினர் மனைவியர் நலச் சங்கம் 1966-ல் பதிவானது, முகாமில் எல்லோரும் அதை "ஆவா" என்பார்கள். தையல் வகுப்பு, மசாலா பொடி தயாரிப்பு, தம்போலா என்ற எண் விளையாட்டு, குழந்தைகளுக்கு ஓவியப் போட்டி. சனிக்கிழமை இரவு திறந்தவெளியில் திரை கட்டிச் சினிமா. காற்று வந்தால் திரை உப்பி, நடிப்பவர் முகம் வீங்கித் தெரியும், பிள்ளைகள் கைதட்டுவார்கள்.

ஒரு தடவை வினாடி வினா வைத்தார்கள். 1741-ல் டச்சுக்காரர்களை இந்தியப் படை தோற்கடித்த இடம் எது என்று கேள்வி. பெரியவர்கள் எல்லோரும் பேசாமல் இருக்க, என் மகள் எழுந்து "குளச்சல், எங்கள் ஊர்ப் பக்கம்" என்றாள். குளச்சல் கடற்கரையில் நிற்கிற வெற்றித் தூணை அவளுடைய தாத்தா காட்டியிருந்தார். அன்று முதல் அவளுக்கு முகாமில் குளச்சல் என்றே பெயர்.

கிறிஸ்மஸ் பற்றித் தனியாக எழுத வேண்டும், இப்போது மழை வலுக்கிறது, துணி எடுக்கப் போகிறேன்.

மார்த்தாண்டம் வாசகி | 13 ஜூன், இரவு 8.40

கிறிஸ்மஸ்.

முகாமில் சர்வ தர்ம ஸ்தலம் என்று ஒரே கூரையின் கீழ் எல்லாச் சமயத்துக்கும் வழிபாட்டிடம். இந்தப் பக்கம் சுவாமி படங்கள், நடுவில் குரு கிரந்த சாகிப், அந்தப் பக்கம் மேசைமேல் ஒரு மரச் சிலுவை. கிறிஸ்தவக் குடும்பங்கள் மொத்தம் ஆறு: இரண்டு மலையாளிகள், இரண்டு மிசோ, ஒரு ஜார்க்கண்ட், நாங்கள். ஆறு குடும்பத்துக்கும் சேர்ந்தாற்போல் தெரிந்த பாட்டு ஒன்றுகூட இல்லை. ஆளுக்கு ஒரு மொழியில் பாடினோம், மெட்டு மட்டும் ஒன்று.

முதல் ஆண்டு நான் முந்திரிக்கொத்து செய்யப் புறப்பட்டேன். சிறுபயறு கிடைக்குமா என்று கவலைப்படவே வேண்டாம், அந்த மண்ணில் விளைவதே அதுவும் கம்பும் சீரகமும்தான். பயறு அவ்வளவு மணம். தேங்காய்தான் இல்லை. பெட்டியிலிருந்த கொப்பரையைச் சீவி வறுத்தேன். பயற்றை வறுத்து உடைத்துத் திரித்து, கருப்பட்டிப் பாகில் எள்ளும் ஏலமும் சேர்த்துப் பிசையும்போது, பாகு ஆறுவதற்குள் உருட்ட வேண்டும் அல்லவா? ஊரில் அம்மா, சித்தி, மைனி என்று எட்டுக் கை இருக்கும். அங்கே என் இரண்டு கை. பாகு இறுகத் தொடங்கியது. கதவைத் திறந்து கூப்பிட்டேன். பஞ்சாபி அக்கா வந்தார், எதிர்வீட்டு மராத்திப் பெண் வந்தாள், ஈரத் தலையோடு மிசோ அக்கா வந்தார். எப்படி என்று ஒரு உருண்டை உருட்டிக் காட்டினேன். சூடு பொறுக்காமல் உள்ளங்கையை ஊதி ஊதி நான்கு பேரும் உருட்டினோம். மாவில் தோய்த்து மூன்று மூன்றாக எண்ணெயில் ஒட்டவிட்டபோது பஞ்சாபி அக்கா கேட்டார், ஏன் மூன்று என்று. தெரியவில்லை, எங்கள் பாட்டி மூன்றாகத்தான் போடுவார் என்றேன். அவர் அதற்குப் பிறகு நான்காகப் போட்டார், நாங்கள் நான்கு பேர் என்று.

அன்றிரவு கேரல் பவனிக்குப் பெட்ரோமாக்ஸ் தூக்கி வந்தது அவருடைய கணவர், தலைப்பாகையோடு.

மார்த்தாண்டம் வாசகி | 14 ஜூன், காலை 7.10

என் 10-ஆம் தேதிக் குறிப்பில் மழையே பார்த்ததில்லை என்று எழுதிவிட்டேன். இதைப் படித்த கணவர், "காவாஸை மறந்துவிட்டாயா?" என்று கேட்டார். எழுதியது தவறு. மூன்று ஆண்டு பெய்யாமல் இருந்ததே மனதில் நின்றுவிட்டது.

2006 ஆகஸ்டில் பார்மேரில் மூன்று நாளில் ஓர் ஆண்டு மழையைவிட அதிகமாகக் கொட்டியது. காவாஸ் என்ற கிராமம் மூழ்கியது. மணல் தண்ணீரைக் குடித்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். அங்கே மணலுக்கு அடியில் ஜிப்சப் படிவம் தளம் போட்டதுபோல் இருக்கிறது, தண்ணீர் இறங்க வழியில்லை. மாதக்கணக்கில் ஏரியாக நின்றது. ராணுவம் படகு இறக்கியது, ஹெலிகாப்டர் பறந்தது. ஒட்டகம் பார்த்த இடத்தில் படகு.

ஆண்கள் எல்லோரும் போய்விட்டார்கள். நாங்கள் லங்கர் சமையற்கூடத்தில் பூரி சுட்டு, உருளைக்கிழங்கு மசித்துப் பொட்டலம் கட்டினோம். நம் மாவட்டத்தில் வெள்ளம் வந்தால் வீட்டு மேட்டில் நின்று தண்ணீர் ஏறுவதைப் பார்க்கத் தெரியும். அந்த ஊர் மக்களுக்குத் தண்ணீர் ஏறும் என்பதே தெரியாது. மீட்டு வந்தவர்களில் ஒரு கிழவி பொட்டலத்தை வாங்கவே இல்லை. கையில் ஒரு காலிப் பானையை அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். வாழ்நாள் முழுதும் அதைத் தலையில் வைத்துத் தண்ணீருக்கு நடந்தவர்.

மார்த்தாண்டம் வாசகி | 14 ஜூன், காலை 7.25

"ஜிப்சம்" என்று திருத்திப் படிக்கவும்.

மார்த்தாண்டம் வாசகி | 16 ஜூன், இரவு 11.15

இரண்டு நாளாக யோசித்தேன். நல்லதை மட்டும் எழுதி ஒரு தகப்பனை நம்பவைப்பது சரியில்லை.

முதல் ஆறு மாதம் நான் அழாத நாள் குறைவு. முதல் மகளிர் கூட்டத்தில் எழுந்து பெயரும் ஊரும் சொல்லச் சொன்னார்கள். "மேரா" என்பதற்கு மேல் வரவில்லை. முன்வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கணவர்மாரின் பதவி மனைவியர் நாற்காலியிலும் தெரியும், அதையும் மகள் தெரிந்துகொண்டு போகட்டும். யார் எங்கே உட்கார வேண்டும் என்று பலகை எதுவும் இல்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். எனக்கு அது கடைசிவரை பிடிக்கவில்லை. படா கானாவில் ஒரே பந்தி என்று மேலே எழுதினேன், அதுவும் உண்மை, இதுவும் உண்மை.

இந்தி கற்றது கூட்டத்தில் அல்ல, தண்ணீர் வரிசையில். ஐந்து மாதத்தில் பேரம் பேசினேன், எட்டு மாதத்தில் சண்டை போட்டேன், அதன்பின் அழவில்லை.

இன்னொன்று இதைவிட வலிக்கிறது. பிள்ளைகள் கேந்திரிய வித்யாலயாவில் படித்தார்கள். ஊர் மாறினாலும் பாடம் மாறாது, அது பெரிய நிம்மதி. ஆனால் தமிழ் இல்லை. அம்மா ஒவ்வொரு ஜனவரியும் தினசரி நாட்காட்டி ஒன்றைத் தபாலில் அனுப்புவார். காலையில் தாளைக் கிழித்து மகள் அதிலுள்ள பழமொழியை உரக்கப் படிக்க வேண்டும், அதன் பிறகுதான் பால். மற்ற தமிழ் வீட்டுப் பிள்ளைகளும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் திண்ணைக்கு வந்தார்கள், கிழித்த தாள்களின் பின்பக்கம்தான் எழுதிப் பழகும் நோட்டு. அப்படியும் மகளுக்கு இன்றும் செய்தித்தாள் படிக்க இரண்டு மடங்கு நேரம் ஆகிறது. மகன் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான். இந்த இழையை அவனுக்கு அனுப்பினால், வாசித்துக் காட்டச் சொல்வான். அந்த இழப்பு என் கணக்கில்தான் இருக்கிறது.

மார்த்தாண்டம் வாசகி | 19 ஜூன், மாலை 5.00

இரணியலிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார், வேலிக்கு வெளியே உள்ள மக்களோடு பழக்கம் உண்டா என்று. பால்காரர் மூலமாக உண்டு. மணல்மேட்டுக்கு அப்பால் நாலைந்து குடிசைகள் சேர்ந்த சிற்றூரிலிருந்து ஒட்டகத்தில் பால் கொண்டுவருவார். அவர்தான் எனக்கு சாங்கிரி காய் தந்தவர், கேஜ்ரி மரத்தின் காய். அவர்கள் அதை உலர்த்தி எண்ணெயில் வதக்குவார்கள். நான் ஊறவைத்து வேகவைத்துக் கொப்பரை சேர்த்துத் துவரன் வைத்தேன். பால்காரருக்கு ஒரு கிண்ணம் கொடுத்தேன், மறுநாள் கிண்ணத்தை நெய்யோடு திருப்பித் தந்தார். கேஜ்ரி என்பது நம் வன்னி மரமேதான் என்று பல ஆண்டு கழித்துத் தெரிந்தது. நம் சிவன் கோயில்களில் சுற்று வேலி போட்டு நிற்கிறதே, அதே மரம்.

பால்காரருடைய அம்மாவின் தங்கை எல்லைக்கு அப்பால், பாகிஸ்தானின் சிந்துவில் வாழ்க்கைப்பட்டவர். எல்லையோர முனாபாவ் வழியாக அங்கே போன ரயில் 1965 போரில் நின்றது. 2006 பிப்ரவரி 18 அன்று தார் எக்ஸ்பிரஸ் என்ற பெயரில் மறுபடியும் ஓடியது. அந்த வாரம் பால்காரர் பால் ஊற்றும்போது அளவு தவறி ஊற்றிக்கொண்டே இருந்தார், அம்மாவுக்குப் பாஸ்போர்ட் கிடைத்துவிட்டது என்று. நாற்பது ஆண்டுக்குப் பிறகு அக்காளும் தங்கையும் பார்த்துக்கொண்டார்கள். 2019 ஆகஸ்டில் அந்த ரயிலும் நின்றுவிட்டதாகச் செய்தியில் படித்தபோது எனக்கு அந்தப் பாத்திரம் நிரம்பி வழிந்ததுதான் நினைவுக்கு வந்தது.

மார்த்தாண்டம் வாசகி | 23 ஜூன், இரவு 9.30

"கணவர் பயிற்சிக்குப் போய்விட்டால் பெண் தனியாகத்தானே இருப்பாள்?" அண்ணனின் கேள்வி. நியாயமான கேள்வி, இதுவரை நான் தொடாமல் விட்டதும் இதுதான்.

போவார்கள். மாதக்கணக்கில் போவார்கள். 2005 மே மாதம் எங்கள் வரிசையில் ஒரு ஆண் இல்லை. மூன்றாவது வீட்டில் பீகார்ப் பெண், இருபத்தொரு வயது, ஏழரை மாதக் கர்ப்பம். மாலையில் மேற்கே வானம் செங்கல் நிறமாயிற்று. ஆந்தி, அதாவது மணற்புயல், வருகிறது என்றால் சன்னல் இடுக்கில் ஈரத் துணி திணிக்க வேண்டும், குடத்தை மூட வேண்டும், பிள்ளைகளை உள்ளே தள்ள வேண்டும். எல்லாம் செய்து கதவைச் சாத்தினோம். மின்சாரம் போயிற்று. ஐந்து நிமிடம் கழித்துச் சுவரில் தட்டும் சத்தம். காற்று என்று நினைத்தேன். மறுபடியும் தட்டியது, இடைவெளி விட்டு, மூன்று முறை.

முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு சுவரைத் தடவித் தடவிப் போனேன். கைக்கெட்டும் தூரம்கூடத் தெரியவில்லை. அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து கட்டில் காலைப் பிடித்திருந்தாள். எனக்கு முன்னால் மராத்திப் பெண் அங்கே இருந்தாள். பஞ்சாபி அக்கா எப்போது போனாரோ தெரியாது, எம்.ஐ. ரூம் என்ற முகாம் மருத்துவ அறையிலிருந்து ஆம்புலன்ஸோடு வந்தார், தலைமுடி முழுக்க மணல். விளக்கு போட்டும் பாதை தெரியாததால் அவரே வண்டிக்கு முன்னால் டார்ச் பிடித்து நடந்திருக்கிறார். குழந்தை ராணுவ மருத்துவமனையில் விடியற்காலை பிறந்தது. ஆண் குழந்தை, இரண்டு கிலோவுக்கும் குறைவு.

அதன்பின் நாற்பது நாள் அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. யார் வீட்டுச் சாப்பாடு எந்த நாள் என்று அட்டை எழுதிக் கதவில் ஒட்டினோம். என் முறை செவ்வாயும் வெள்ளியும். பிள்ளை பெற்றவளுக்கு நம் ஊர்ப் பக்குவத்தில் பூண்டுக் குழம்பு கொடுத்தேன், முதல் நாள் முகம் சுளித்தாள், மூன்றாம் வாரம் கேட்டு வாங்கினாள். அவள் அம்மா சமஸ்திபூரிலிருந்து வந்து சேர்ந்தபோது குழந்தைக்கு ஒன்றரை மாதம். வந்தவர் எங்கள் நான்கு பேர் காலிலும் விழப் போனார். நாங்கள் பதறிப்போனோம்.

தையல் வகுப்பும் தம்போலாவும் எதற்கு என்று எனக்கு அதுவரை விளங்கவில்லை. பொழுதுபோக்கு என்றுதான் நினைத்திருந்தேன். அந்த இரவு யாரை எழுப்பலாம், யார் பயப்படமாட்டார், யாரிடம் டார்ச் இருக்கிறது என்பதெல்லாம் எங்களுக்குத் தெரிந்திருந்தது. ஊரில் இருந்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு அம்மா இருந்திருப்பார், உண்மை. ஆனால் அவள் கணவர் குழந்தையை ஒன்பதாம் மாதத்தில் அல்ல, பதினேழாம் நாளில் பார்த்தார்.

மார்த்தாண்டம் வாசகி | 24 ஜூன், காலை 6.40

கருவாடு கொண்டுபோகலாமா என்று ஒருவர். கொண்டுபோகலாம். பக்கத்து வீட்டார் சைவமா என்று முதலில் கேளுங்கள். எங்கள் பின்வீட்டு ராஜஸ்தானி அக்கா சனிக்கிழமை பகல் சந்தைக்குப் போவார், போகும்போது வாசலில் நின்று "இப்போது சுடு" என்று சொல்லிவிட்டுப் போவார்.

தக்கலை வாசகர் | 30 ஜூன், இரவு 8.00

எல்லாவற்றையும் மகளை வாசிக்கச் சொன்னேன். அவள் அம்மா சுவர் தட்டிய இடத்தில் எழுந்து போய்விட்டாள். ஜூலை 18-க்கு டிக்கெட் எடுத்திருக்கிறது. என்னென்ன கொடுத்துவிட வேண்டும், சகோதரி?

மார்த்தாண்டம் வாசகி | 30 ஜூன், இரவு 10.20

கொப்பரை, தேங்காய்த் துருவி, சின்ன இட்லிச் சட்டி, கருப்பட்டி இரண்டு கிலோ, நல்ல டார்ச் ஒன்று. பட்டுப் புடவை இரண்டு போதும். பருத்தித் துப்பட்டா குறைந்தது ஆறு வேண்டும், ஆந்திக்கு. தமிழ் நாட்காட்டி ஒன்று, பாதி ஆண்டு போனாலும் பரவாயில்லை.

பெட்டி வாங்க வேண்டாம். எங்கள் கறுப்பு டிரங்கு பரணில் சும்மா கிடக்கிறது, கீல் மட்டும் மாற்ற வேண்டும். இவர் மாலையிலேயே இறக்கித் துடைத்துவிட்டார். மூடியில் இவருடைய பெயரும் நம்பரும் வெள்ளைப் பெயின்டில் இருக்கின்றன. அதன்மேல் கறுப்பு அடித்து மருமகன் பெயர் எழுதித் தருகிறேன் என்கிறார், எழுத்து எழுதுவதில் கை சுத்தம். பெயரை எழுத்துப் பிழையில்லாமல் அனுப்புங்கள். பெயின்ட் காய இரண்டு நாள் வெயில் வேண்டும், இந்த மழையில் நான்கு நாளாகும். அதனால் 10-ஆம் தேதிக்குள் சொல்லிவிடுங்கள்.